காணிக்கைப் பையில் வெள்ளிக் கண்கள்

அந்த வெள்ளிக் கண்களைக் காணிக்கைப் பையில் போட்ட ஞாயிற்றுக்கிழமை எனக்குத் துளிக்கூடப் பயம் இல்லை. பயமெல்லாம் பிறகு வந்தது. வந்தபோது மொத்தமாக வந்தது.

எனக்குப் பதினெட்டு வயது. பள்ளிப் படிப்பை முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மலாயாவின் சுதந்திரத் தேதியை எங்கள் மலாக்காவின் பந்தா ஹிலிர் திடலில் அறிவித்த ஆண்டு அது. ஊரே எதற்கோ அவசரப்பட்டுக்கொண்டிருந்தது. நான் ஊரைவிட அவசரத்தில் இருந்தேன். ஆறு மாதத்துக்கு முன்புதான் இயேசுவை நம்பத் தொடங்கியிருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. என் வகுப்புத் தோழி போதகரின் மகள். ஞாயிறு காலை அவளோடு சேர்ந்து படிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தமிழ் ஆராதனைக்குப் போய்விடுவேன். ஒரு ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, "எனக்குள் ஒரு சமாதானம் வந்திருக்கிறது, இனி அது போகவே போகாது" என்று சாட்சி சொன்னேன். நான் சொன்ன சத்தத்தில் முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து வீறிட்டது.

இனி அந்தக் கண்களைப் பற்றி. ஜப்பான்காரன் காலத்தில், ஐந்து வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தது. இடது கண் ஒட்டி மூடிக்கொண்டது. எங்கள் வீடு காஜா பேராங்கில், மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளி. அம்மா ஈரப் புடவையோடு கோயில் வாசலில் நின்று, என் கண் திறந்தால் என் கையாலேயே கண்மலர் சாத்தவைப்பதாக நேர்ந்துகொண்டாள். கண் திறந்தது. ஆனால் வருஷா வருஷம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நேர்த்தி தள்ளிப்போனது. அந்த ஆண்டுதான் அப்பா பத்தரிடம் சொல்லி வாங்கிவந்தார்: விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய, இலை மாதிரி மெல்லிய இரண்டு வெள்ளித் தகடுகள், நடுவில் கருவிழிக்கு ஒரு புள்ளி. குங்குமச் சிமிழில் போட்டுச் சாமித் தட்டில் வைத்திருந்தார்கள். திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

என்னால் சாத்த முடியாது. முடியாது என்று அம்மாவிடம் சொல்லவும் முடியாது. எனக்கு யோசனைகள் மடமடவென்று வரும். நல்லதும் கெட்டதும் ஒரே வேகத்தில் வரும். கண்ணைத் திறந்தவர் இயேசு என்றால் கண்மலர் அவருக்குத்தானே சேர வேண்டும்? காணாமல் போய்விட்டால் சாத்தவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். சிமிழிலிருந்து எடுத்தேன். பாட்டின் நடுவே பை வந்தது. போட்டேன். மனசு லேசாகிவிட்டது. அதைக்கூடச் சமாதானம் என்றே நினைத்தேன்.

இரண்டாவது வாரம் என் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயது. மூன்றாம் நாள் முதுகில் முத்து முத்தாகக் கொப்புளங்கள்.

"ஆத்தா வந்திருக்கா" என்றாள் அம்மா, சத்தம் போடாமல். வாசலில் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. தமிழ் மறந்து மலாய் பேசும் சிட்டி வம்சத்துப் பக்கத்து வீட்டு அம்மாள் வேலியோரம் நின்று, "டத்தோ சாச்சார் டத்தாங்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அம்மையை அவர்கள் மலாயில் அப்படி மரியாதையாகத்தான் சொல்வார்கள். அம்மா தலையாட்டினாள். அவர் இரண்டு இளநீரை வேலிக்கு மேலே நீட்டிவிட்டுப் போனார்.

கொப்புளம் வந்த முதல் இரண்டு நாள் தங்கைக்குக் கொண்டாட்டம்தான். "அக்கா, என்னைப் பாத்தா புலி மாதிரி இருக்கா?"

"புள்ளிமான் மாதிரி இருக்கே."

"போ. நான் புலிதான். உன்னைக் கடிச்சா உனக்கும் வரும்."

"எனக்கு ஒரு தடவை வந்துடுச்சு. உன் பல்லு என்கிட்ட செல்லாது."

மூன்றாம் நாள் விடியும்போது அவளுடைய இடது கண் மூடியிருந்தது. இமையின் விளிம்பில் ஒரு கொப்புளம். அதே கண்.

அப்பா வேலைக்குப் போகுமுன் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக இருந்த டிரஸ்ஸரைக் கையோடு கூட்டிவந்தார். அவர் குனிந்து பார்த்து, "சின்னம்மைதான். கண்ணுக்குள்ள இறங்காம இருந்தா பயமில்ல" என்றார். அந்த 'இருந்தா' என் காதிலேயே நின்றுவிட்டது.

அவர் போனதும் அம்மா கைகால் அலம்பிக்கொண்டு சாமித் தட்டுக்குப் போனாள். கண்மலரை எடுத்துத் தங்கையின் முகத்தைச் சுற்றி, பழைய நேர்த்தியோடு புதுசையும் சேர்த்து வேண்டிக்கொள்ள நினைத்திருக்கிறாள். சிமிழைத் திறந்தாள். குங்குமத்தை விரலால் கிளறினாள். பிறகு சிமிழையே தரையில் கவிழ்த்தாள்.

"எங்கடி?"

வாயைத் திறந்தேன். "தெரியலையேம்மா" என்று வந்தது.

அம்மா யாரையும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "ஆத்தாவே எடுத்துக்கிட்டா. பதிமூணு வருஷம் இழுத்தடிச்சேன்ல? அவ கண்ண அவ எடுத்துக்கிட்டு, என் புள்ள கண்ண மூடிட்டா" என்றாள். சிவந்த விரல்களோடு அங்கேயே உட்கார்ந்தாள். அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நான் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரு பயம் அல்ல. ஒருவேளை அம்மா சொல்வது சரியோ என்ற பயம். பொய் சொன்ன என்மேல் இயேசுவுக்குக் கோபமோ, அதைத் தங்கைமேல் காட்டுகிறாரோ என்ற பயம். தெரிந்தால் அப்பா என்னை வீட்டில் வைத்திருப்பாரா என்ற பயம். எல்லாவற்றுக்கும் அடியில், அந்தக் கண் திறக்காமலே போய்விடுமோ என்ற பயம். வேப்பங்கொத்தால் தங்கைக்கு விசிறினேன். இலைகள் நடுங்கின, காற்று வரவில்லை. போகவே போகாது என்று எழுந்து நின்று அறிவித்த சமாதானத்தைத் தேடிப் பார்த்தேன். இருந்த இடமே தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம், இரண்டு நாள் தூங்காத அம்மா தங்கையின் பக்கத்தில் கண் அயர்ந்தாள். நான் சைக்கிளை எடுத்தேன். அம்மை கண்ட வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது எனக்குள் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்ததால், போதகர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றே தோழியைக் கூப்பிட்டேன்.

"உள்ள வாயேன், ஏன் தபால்காரர் மாதிரி நிக்கிறே?"

"வீட்ல அம்மை. கிட்ட வராதே. காணிக்கைப் பையில ரெண்டு வெள்ளிக் கண்ணு..."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது நீயா? பையைக் கொட்டினதும் ரெண்டு கண்ணு அப்பாவையே பாத்துச்சாம். ஐயோன்னு கத்திட்டார்! பிஸ்கட் டின்ல போட்டு வைச்சிருக்கோம், யாராச்சும் கண்ணைத் தேடிக்கிட்டு வருவாங்கன்னு." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். உள்ளே ஓடிப்போய் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து, கேட்டின் கம்பிகளுக்கு நடுவே நீட்டினாள். "வீட்ல சொல்லிட்டியா?"

"இல்ல."

பொட்டலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

திரும்பி மிதிக்கும்போதுதான் அடுத்த யோசனை வந்தது. பேசாமல் சிமிழில் போட்டுவிட்டால்? அம்மா திறந்து பார்ப்பாள். ஆத்தா திருப்பித் தந்துவிட்டாள் என்று கும்பிடுவாள், சாப்பிடுவாள், தூங்குவாள். யாருக்கும் நஷ்டமில்லை. எவ்வளவு சுலபம்! உடனே ஜெபிக்கவும் ஆரம்பித்தேன்: "ஆண்டவரே, தங்கச்சி கண்ணைத் திறந்துவிடும், திறந்த அன்றைக்கே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்."

கோயில் சந்து திரும்பும் இடத்தில் கால்கள் தாமாகவே நின்றன. நானும் நேர்ந்துகொண்டிருந்தேன். அம்மா ஈரப் புடவையோடு செய்ததைத்தான் நான் சைக்கிளில் போய்க்கொண்டே செய்திருந்தேன். அம்மா செய்ததில் பொய்யாவது இல்லை.

அப்படியானால் கண் திறந்தாலும் சொல்ல வேண்டும், திறக்காவிட்டாலும் சொல்ல வேண்டும். இயேசு என்னோடு இருப்பார் என்றால் இரண்டிலும் இருக்க வேண்டும். அந்த வெயிலில் நின்று வேறு எதையும் நான் கேட்கவில்லை. "கூட வாரும்" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா எழுந்துவிட்டிருந்தாள். அடுப்படியில் தங்கைக்குக் கேழ்வரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னேன். இயேசுவை நம்புகிறேன் என்று சொன்னேன். பையைச் சொன்னேன். "தெரியலைன்னு பொய் சொன்னேம்மா. ஆத்தா எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

அகப்பை நின்றது. கூழ் கொதித்து ஓரத்தில் பிடிக்கும் வாசனை வந்தது. அம்மாவின் கை மேலே எழுந்தது. அடி விழும் என்று கண்ணை மூடினேன்.

விசித்திரம் என்னவென்றால், பயம் அப்படியே இருந்தது. அதற்கு அடியில் ஏதோ ஒன்று ஆடாமல் இருந்தது. சாட்சி சொன்ன அன்று இருந்த குதூகலம் அல்ல. குடத்தைக் குலுக்கி நிறுத்திய பிறகு தண்ணீர் அடங்குமே, அந்த மாதிரி. யாரிடமும் எதையும் மறைக்க இல்லாதவளின் அமைதி அது.

அடி விழவில்லை. "இரு" என்றாள் அம்மா. "நீ இப்ப வெளிய போய்ட்டா வந்தே? ஆத்தா இருக்கிற வீட்ட விட்டு, இன்னொருத்தங்க வீட்டுக்கா போனே?"

"கேட்டுக்கு வெளியதாம்மா நின்னேன்."

"நெசமா?"

"நெசமா. அவ கம்பி வழியாத்தான் குடுத்தா."

அம்மா பெருமூச்சு விட்டுக் கண்மலரைக் கையில் வாங்கினாள். கழுவினாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். "எங்க வைச்சிருந்தாங்க?"

"பிஸ்கட் டின்ல."

"டின்லயா..." கூழை இறக்கிவைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "நீ சாத்த மாட்டே, இல்ல?"

"மாட்டேம்மா."

"கண்ணு உன்னோடது. வாய் என்னோடது. நேர்ந்தவ நான்தான், நானே சாத்திக்கறேன். உங்கப்பாகிட்ட நீயே சொல்லு. எனக்கு அதுக்குத் தெம்பில்ல." பிறகு கூழ் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "போ, ஆறுறதுக்குள்ள குடு."

அப்பாவிடம் சொன்னதை எழுத மாட்டேன். அவர் என்னோடு பேசாமல் இருந்தது பல வாரம் நீடித்தது.

தங்கையின் கண் மேலும் இரண்டு நாள் மூடியே இருந்தது. நான் விசிறினேன், பயந்தேன், பேரம் பேசாமல் ஜெபித்தேன். பேரம் இல்லாமல் ஜெபிப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது; வாய் தானாக 'திறந்தால்' என்று ஆரம்பிக்கும், பாதியில் நிறுத்துவேன். மூன்றாம் நாள் காலையில் இமை பிசுபிசுவென்று விலகியது. உள்ளே கருவிழி தெளிவாக இருந்தது.

"அக்கா, ஏன் அழுவுறே? புலி கடிச்சுடுச்சா?"

அம்மா ஆத்தாவைக் கும்பிட்டாள். நான் தலைகுனிந்து நன்றி சொன்னேன். ஒரே அறையில்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

திருவிழா அன்று அம்மா கண்மலரை எடுத்துக்கொண்டு தனியே கிளம்பினாள். கூட்டத்தில் தங்கையைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நானும் கோயில் வாசல்வரை போனேன். மேளச் சத்தத்தில் பழைய பயம் மறுபடி வந்தது. இன்றும் எதற்கெடுத்தாலும் அப்படித்தான் வருகிறது; நான் துணிச்சல்காரி ஆகிவிடவில்லை. உள்ளே போகுமுன் அம்மா திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குப் போவணும் உனக்கு?"

"ஒன்பதுக்கும்மா."

"சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.