திரைக்குக் கீழ வர்ற கைகள்

பஞ்சு உருட்டறதுக்கு நடுவுல நடுவுல இதை எழுதறேனுங்க. பால்வினை நோய்க்கு வைத்தியம் பார்க்கற இடத்துல டோக்கன் குடுக்கறது என் வேலை. எங்க வேலைக்குப் போறேன்னு சொந்தக்காரங்க கேட்டா வாய் திறக்க முடியாது. உங்கள்ல யாராச்சும் இந்த மாதிரி மேசையில உக்காந்திருந்தா, சொல்லாமலே புரியும்.

கை மட்டும்

அஞ்சாவதோட நின்னவ நான். புது ஆளைக் கண்டா தலை தானா குனிஞ்சுக்கும். என்னைப் பழக்குனது மும்தாஜ் அக்கா. பேர் கேக்கக் கூடாது, வெளிய பார்த்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னாங்க. மேசைக்கு முன்னால ஒரு பச்சைத் திரை, அவங்க வீட்டுக்காரர் தைச்சது. அதுக்குக் கீழ கை மட்டும் வரும். டோக்கனை வெச்சு, "வாங்க, உக்காருங்க, கூப்பிடறேனுங்க"ன்னு சொல்லணும்.

முதல் வாரமே ஒரு கை வந்துச்சு. நகமெல்லாம் சாயம், பவானிப் பக்கம் ஜமக்காளம் நெய்யறவங்களோ என்னமோ. டோக்கனைத் தொடல. நான் சொல்லச் சொல்ல மேசை மேல அப்படியே கிடந்துச்சு, மூச்சுச் சத்தம்கூட இல்லை. பயந்து திரையை விலக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் புடிச்சுட்டாங்க. கை போயிருச்சு. அடுத்த வாரமும் வந்து கிடந்துட்டுப் போச்சு. அதுக்கடுத்த தரம்தான் டோக்கனை எடுத்துச்சு.

"விலக்கியிருந்தா அன்னிக்கே ஓடியிருக்கும் கண்ணு"ன்னாங்க அக்கா.

டவுன் பஸ்ஸுல

நமக்கு அவங்க முகம் தெரியாது. நம்ம குரல் அவங்களுக்குத் தெரியும்னு நான் நினைக்கவே இல்லை. ஒரு நாள் பஸ்ஸுல, "ஒரு டிக்கெட் குடுங்க"ன்னேன். முன் சீட்டுல இருந்தவர் கழுத்து அப்படியே விறைச்சுப் போச்சு. திரும்பிப் பார்க்கல. ஸ்டாப்பே இல்லாத இடத்துல நிறுத்தச் சொல்லி எறங்கி, வெயில்ல சோளக்காட்டுக்குள்ள நடந்து போயிட்டார். அன்னிக்கிருந்து வெளிய வாய் திறக்கவே பயம்.

கண்டக்டர் என்னையே பார்த்தார். "ஏனுங்கம்மணி, நீங்க பேசுனா ஆளு காணாமப் போறாங்களே?"

தேள்

தேள் பச்சை குத்துன ஒரு கை வந்துச்சு, புது வளைகாப்பு வளையலோட. வாரம் ஒண்ணா மூணு ஊசி. ஒண்ணு போட்டுட்டுப் போனவங்க அடுத்த வாரம் வரல. மிச்ச ஊசியை விட்டா வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது.

அந்த ஞாயித்துக்கிழமை எம் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். நியாயம் கேக்கறவங்க மிளகாய் அரைக்கற இடம். அரைக்கற கைகளுக்கு நடுவுல அந்தத் தேள், முன்னும் பின்னும் ஊர்ந்துச்சு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. ஆனா நான் சும்மா வந்துட்டா, அவங்க வயித்துல இருக்கற புள்ளை என்ன ஆகும்? முகத்தைப் பார்க்காம, பின்னால நின்னு, மேசையில சொல்றதையே சொன்னேன்: "வாங்க, உக்காருங்க, கூப்பிடறேனுங்க." தேள் நின்னுபோச்சு. நான் கூட்டத்துக்குள்ள போயிட்டேன்.

மறுநாள் திரைக்குக் கீழ அந்தக் கை வந்துச்சு, மிளகாய் எரிச்சல்ல சிவந்து. டோக்கனை வெச்சு வழக்கம்போல சொன்னேன். டோக்கனை எடுத்துக்கிட்டே திரைக்கு அந்தப் பக்கம் பேசுனாங்க.

"இந்தச் சீக்கைக் குடுத்த எம்புருசனுக்குக் கூலி கேட்டனுங்க. ஆத்தா உங்க குரல்ல என்னையக் கூப்பிட்டா."

ஊசிக்கு ஆள் வந்தாச்சுன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லப் போனேன்.

இந்த வேலைக்கு முகம் வேண்டாமுங்க, படிப்புகூட வேண்டாம், ஆனா குரலை மட்டும் எங்க கொண்டுபோய் எறக்கி வெக்கறதுன்னு யாரும் பழக்கிவிடல, அதனாலதான் வாய்விட்டுச் சொல்லாம இதை எழுதறேனுங்க... இருங்க, திரைக்கு அந்தப் பக்கம் 'ஏனுங்க'ன்னு யாரோ