ஒரே அலைவரிசையில் இரண்டு கல்யாணம்

மூக்கம்மாள் என் மனைவி. தென்காசியில் 'பேச்சிராஜ் சவுண்ட் சர்வீஸ்' என்று மைக்செட் கடை என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் கடைக்கு மூளை யார் என்று கேட்டால், இப்போது நானே அவளைத்தான் காட்டுவேன். அப்படிக் காட்ட எனக்குப் பதினெட்டு வருஷம் ஆயிற்று.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தபோது அவள் பத்தாவது முடித்திருந்தாள். பழுதென்று நான் ஓரமாகப் போட்ட பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். வயரில்லாத மைக் வந்ததும், அதோடு வந்த தாளை வரி விடாமல் படித்தாள். நாங்களெல்லாம் ஆம்பளைகள், தாளைப் படிக்க மாட்டோம்.

"ஏங்க, இந்த மைக் நம்ம பேச்சை ரேடியோ அலையா மாத்தி அனுப்புது. ஸ்பீக்கர் பக்கம் இருக்க ரிசீவர் பெட்டி தன்னோட அலைவரிசையில வாறத மட்டும் பிடிக்கும். பேசுதது யாருன்னு அதுக்குத் தெரியாது. ஊர்ல எல்லாரும் இதே மைக்க வாங்கி, ஒண்ணாம் நம்பர் அலைவரிசையிலயே வச்சிருக்காங்க. பக்கத்துப் பக்கத்துல விசேஷம் வந்தா வம்பு" என்றாள்.

"நடுவுல சுவர் இருக்குல்லா?" என்றேன்.

"சுவர் சத்தத்தைத்தான் தடுக்கும். இந்த அலை சுவரைத் தாண்டிப் போயிரும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நம்பர் மாற்றும் பட்டனை யாரும் நோண்டக் கூடாதென்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.

ஆறு மாதம் கழித்து, குற்றாலம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் அருமைநாயகம் அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம். மூக்கம்மாள் தனிப் பொறுப்பெடுத்த முதல் விசேஷம். சொதப்பினால் பொம்பளை கையில் கொடுத்ததால்தான் என்று ஊரே சொல்லும்; அடுத்த விசேஷத்துக்கு யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

போதகர் உறுதிமொழி வாசிக்க எழுந்தார். எங்கள் ஸ்பீக்கரிலோ, "ஏலே சலீம், பிரியாணி அண்டாவ இறக்கியாச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. அடுத்த மண்டபத்தில் நிக்காஹ். அங்கே, எங்களைப்போல் கடை வைத்திருந்த காஜாவின் மைக்செட்.

மூக்கம்மாள் பதறவில்லை. போதகரை இரண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லி, அவர் மைக்கை அணைத்துவிட்டு, ஒண்ணாம் நம்பரிலேயே இருந்த இன்னொரு மைக்கை என் கையில் திணித்தாள். "காஜா மைக்க அணைக்கச் சொல்லிட்டு, அங்கன நின்னு இதுல டெஸ்ட் சொல்லுங்க. ரெண்டு மண்டபத்துலயும் கேட்டா, அலைவரிசை ஒண்ணுதான்."

ஓடினேன். நான் சொன்னதும் காஜா தன் மைக்கை அணைத்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இப்படி வேர்த்து ஊத்துது?" என்றான். டெஸ்ட் சொல்வதையே மறந்துவிட்டேன்.

"தப்பு என் மேலதாம்லே. மூக்கம்மா அன்னைக்கே சொன்னா. நான்தான் மடையன் மாதிரி டேப் ஒட்டி வச்சேன். அவளுக்குத் தெரிஞ்சதுல கால்வாசி எனக்குத் தெரியாது."

சொல்லி முடித்த பிறகுதான், என் குரல் அவன் ஸ்பீக்கரில் முழங்குவது உறைத்தது. நிக்காஹ்வுக்கு வந்தவர்கள் மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

திரும்பி வந்தால் எங்கள் மண்டபமும் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குள் மூக்கம்மாள் டேப்பைப் பிய்த்து, பெட்டியையும் மைக்கையும் நாலாம் நம்பருக்கு மாற்றியிருந்தாள். மணப்பெண் மெல்லச் சொன்ன 'சம்மதம்' கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது. பெருமையில் எனக்குக் கண் கலங்கியது.

"பேச்சிராஜ், இனி உன்னக் கூப்பிட மாட்டேன். அவளத்தான் கூப்பிடுவேன்" என்றார் அண்ணாச்சி.

கூட்டம் பந்திக்கு எழுந்தபோது மூக்கம்மாள் என் அருகில் வந்தாள். "டெஸ்ட் நல்லாவே கேட்டிச்சு. இன்னொருக்கச் சொல்லுங்க."

நாலாம் நம்பர் மைக்கை எடுத்து, ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, காஜாவிடம் சொன்னதை அப்படியே சொன்னேன்.