கதிர்காமத்தில் ஒரு தாய்மாமன்

இலங்கையில், அட்டன் ஊரில் ஒரு கல்யாண மண்டபம். "பொண்ணோட தாய்மாமன் மேடைக்கு வாங்க" என்று ஐயர் கூப்பிட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு ரெண்டடி வைத்தும் ஆயிற்று. என் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, உக்காருங்க. பொண்ணுக்கு மாமன் நீங்க இல்லீங்க." உண்மைதான். மணப்பெண் என் அக்காவின் பேத்தி. அவளுக்குத் தாய்மாமன் அக்காவின் மகன். மாலையோடு அவன் மேடை ஏறினான். நான் மாலை போட்டிருக்க வேண்டியது பெண்ணின் அம்மாவுக்கு, என் மருமகளுக்கு. அந்தக் கல்யாணம் முடிந்து ஒரு தலைமுறையே ஓடிவிட்டது.

நாங்கள் அந்த நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அம்மா அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி நீலகிரிக்கு வந்து நடுவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அக்காவுக்குக் கல்யாணமாகியிருந்தது. அவள் புகுந்த வீட்டாருக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்ததால் அங்கேயே நின்றுவிட்டாள். மருமகள் கல்யாணத்தின்போது அங்கே சண்டைக் காலம். என்னிடம் பாஸ்போர்ட்டும் கிடையாது. அன்று விடியலில் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு ஃபேக்டரி வேலைக்குப் போனேன். போட முடியாத அந்த மாலை மனதை விட்டுப் போகவேயில்லை.

பேத்தி கல்யாணம் முடிந்த மறுநாளே அக்கா ஒரு வேன் பிடித்துவிட்டாள். "இம்புட்டுத் தூரம் வந்துட்டு மண்டபத்துச் சோத்த மட்டும் தின்னுட்டுப் போவியா?" மருமகளும் எங்களோடு ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அக்கா எதையாவது காட்டிக்கொண்டே வந்தாள். நான் பழக்கத்தில் "சொல்லுங்கக்கா" என்றுவிட்டேன். "பாருடி, கூடப் பொறந்தவளுக்கு 'ங்க' போடுறான். பெரிய தொரை!" என்றாள் மகளிடம். வேனே சிரித்தது. பேராதனைப் பூங்காவைப் பார்த்து என் மனைவி, "நம்ம பர்லியார்ப் பழத்தோட்டமாட்டவே இருக்குதுங்க" என்றாள். நுவரெலியாவில் அக்கா தன் சால்வையைக் கழற்றி எனக்குச் சுற்றிவிட்டாள். நடுவட்டத்துக் குளிரில் வாழ்கிறவன் நான், அது ஒரு குளிரே இல்லை. ஆனாலும் சால்வையைக் கழற்றவில்லை. நாங்கள் பிறந்த லயம், அந்த நீளமான வரிசை வீடு, கூரைத்தகரம் மாறி இன்னும் நின்றது. அங்கே இப்போது குடியிருக்கும் பெண் எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அதே சரிவு, அதே பனி, அதே கொழுந்து வாசம். நடுவட்டத்திலும் இதெல்லாம் இருக்கிறது. அக்காதான் இல்லை.

கடைசியாகக் கதிர்காமம், முருகன் கோயில். மாணிக்க கங்கையில் குளித்துவிட்டுப் பழத்தட்டோடு வரிசையில் நின்றபோது மருமகள் சொன்னாள். "எங் கல்யாணத்துல மாமன் மாலைய யாரு போடுறதுன்னு பேச்சு வந்துச்சு மாமா. ஒண்ணுவிட்ட மாமா ஒருத்தர் தயாராத்தான் நின்னாரு. அம்மா விடல. 'எந் தம்பி உசுரோட இருக்கான், வேற ஆள் எதுக்கு'ன்னு, மாலைய முருகன் படத்துக்குப் போட்டுட்டாங்க."

நான் வரிசையை விட்டு வெளியே போய் ஒரு மாலை வாங்கிவந்து தட்டில் வைத்தேன். அங்கே சாமி திரைக்குப் பின்னால்தான் இருக்கிறார். தட்டு உள்ளே போய் மாலையோடு திரும்பி வந்தது.

"கழுத்தக் காட்டும்மா" என்றேன்.

"மருமகன் எடுத்தவளுக்கு மாலையா? ஊரே சிரிக்கும் மாமா!"

"சிரிக்கட்டும். குனிடி" என்றாள் அக்கா.

போட்டேன். மருமகள் சிரித்துக்கொண்டேதான் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் முழுக்க ஈரம்.

வெளியே மர நிழலில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒங் கடமை முடிஞ்சிருச்சு தம்பி. இனி ஒன்னய இங்க இழுக்க ஒண்ணும் இல்ல. அப்பவும் வருவியாடா?"

வருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவளுக்கு முழங்கால் போய்விட்டது. முருகன் வாசலில் உட்கார்ந்துகொண்டு நிச்சயமில்லாத ஒன்றை எப்படிச் சொல்வது? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் நடுவட்டத்துக்குப் போன் செய்கிறாள். அந்தக் கேள்வியை மட்டும் எடுப்பதேயில்லை. "அங்க மழையா?" என்கிறாள்.

"மழைதான்க்கா."

"இங்கயும் மழைதான்டா."