சோடா மூடிக்கு நான் சொன்ன நியாயம்

கீரிக் கடற்கரையில் மீன் கூட்டம் தெரிந்த ஒரு காலை, முதல் கரைவலையை யார் வளைப்பது என்று எனக்கும் இன்னொரு வலைக்காரச் சம்மாட்டிக்கும் இழுபறி. சுண்டிப் பார்க்கக் குத்திக்காசு ஒருவரிடமும் இல்லை. கிடந்த சோடா மூடியோ அதிகமாக மல்லாந்துதான் விழும்.

கம்பஸில் பட்டம் எடுத்த எங்கள் மீனவர் சங்கச் செயலாளர், “பொறுங்கோ அண்ணை, ரவுனுக்குப் போய்க் காசு கொண்டு வாறன்” என்றார். அதுவரை மீன் காத்திருக்குமாம்! இதுக்கு ஒரு பட்டம்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் சொன்னேன்: “மூடியை இரண்டு தரம் சுண்டு தம்பி. இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் கணக்கில்லை, திரும்ப இரண்டு தரம் சுண்டு. முதல் மல்லாந்து பிறகு கவிழ்ந்தால் எனக்கு. முதல் கவிழ்ந்து பிறகு மல்லாந்தால் அவருக்கு.”

“அது எப்படி நியாயம்?” என்றார் செயலாளர்.

“ஆர் வெல்லுறதெண்டாலும் ஒருக்கா மல்லாரவும் வேணும், ஒருக்காக் கவிழவும் வேணும். பிறகு மூடி ஆர் பக்கம் சாயும்?”

சுண்டியதில் முதல் வலை மற்றச் சம்மாட்டிக்கே விழுந்தது. சூடை மீனாய் அள்ளினார். நான் முணுமுணுக்கவில்லை, அள்ளினது என் மூளையால்தானே. செயலாளர்தான் அது நியாயம்தானா என்று இன்னும் போனில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.