இரவல் பசு

எங்கள் தோட்டத்தை ஒட்டிக் கட்டிய புது வீடுகளில் எனக்கும் ஒன்று கிடைத்தது. குடிபுகும் நாளில் பசுவும் கன்றும்தான் முதலில் உள்ளே போக வேண்டும் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். தோட்டத்தில் பால்மாடு வைத்திருப்பவள் ஒருத்திதான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். இப்போது செம்பனைக் காட்டில் களைப்புல்லுக்கு மருந்தடிக்கிறாள். அந்த ஒரு பசுவின் பாலை விற்றுத்தான் மகளைப் பகாவ் டவுனில் படிக்க வைக்கிறாள்.

நான் போய்க் கேட்டதும், காசு எதுவும் வேண்டாம், சும்மா கொண்டுபோ என்றாள். ஆனால் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, "பத்து மணிக்குள்ள கொண்டாந்து கொட்டாய்ல கட்டிரு. வேற யார்கிட்டயும் குடுக்காதலா," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வெட்கக்கேடு என்னவென்றால், நான் சிரம்பானில் ஒரு வக்கீல் ஆபீஸில் கிராணி. இரவல் வாங்கியவனின் கடமைகளை எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன். சும்மா வாங்கினாலும் சொந்தப் பொருளைப் போல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதற்கென்று கேட்டோமோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். மீறிவிட்டு, என் மேல் தப்பில்லை என்று கையை விரிக்க முடியாது.

சடங்கு எட்டரைக்கே முடிந்தது. மூன்றாம் வீட்டுக்காரர் வந்தார். "அண்ணே, எங்க வீட்லயும் ஒரு எட்டு நொழஞ்சிட்டுப் போகட்டுமே." சாப்பாட்டுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். "அதுக்கென்ன, கூட்டிட்டுப் போங்க," என்று பெரிய மனிதன் மாதிரி கயிற்றை நீட்டினேன். அது என்ன என் வீட்டு மாடா?

பத்தேகாலுக்குத்தான் நினைவு வந்து ஓடினேன். "பசிக்குமேன்னு பின்னாடி பச்சையில கட்டினேன்," என்றார் அவர் சிரித்தபடி. பின்னால் செம்பனை வரிசை. கன்று படுத்திருந்தது. பசு மும்முரமாக மேய்ந்துகொண்டிருந்தது. புல் பச்சைப்பசேலென்றுதான் இருந்தது, ஆனால் மருந்து வாடை குப்பென்று வந்தது. அந்த மருந்தில் புல் வாட நாலைந்து நாளாகும்.

பசுவைப் பார்த்தால் ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. பேசாமல் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்த எண்ணத்தோடுதான் கொட்டகை வரை நடந்தேன், மறைப்பானேன். கட்டியதும் கன்று ஓடிப்போய் மடியில் முட்டியது. மருந்து பாலில் இறங்கியிருந்தால்? கன்றை இழுத்துத் தனியாகக் கட்டிவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"புது வீடுங்களுக்குப் பின்னாடி மருந்து அடிச்சாங்களா?"

"நேத்து நான்தான் அடிச்சேன். ஏன்?"

சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வேலை உடுப்போடு மோட்டாரில் வந்து இறங்கி, என்னைப் பார்க்காமல் பசுவின் வாயைத் திறந்து பார்த்தாள். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். "ரெண்டு மூணு நாள் போனாத்தான் சொல்ல முடியும். ஒரு வாரம் இந்தப் பால யாருக்கும் குடுக்காதீங்க," என்றார்.

மறுநாள் பசு தலையைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டது. லீவு போட்டுவிட்டு நானும் கொட்டகையிலேயே கிடந்தேன். போ என்றும் அவள் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. கறந்த பாலைக் கொண்டுபோய்க் கொட்டினாள். பசித்த கன்று கத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் பசு எழுந்து தண்ணீர் குடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மன்னிச்சிரு," என்றேன்.

"அந்தாளுக்குக் குடுக்கிறப்போ எனக்கு ஒரு போன் போட்டிருந்தா போதும்லா. பின்னாடி கட்டாதன்னு சொல்லியிருப்பேன்," என்றாள்.

போன மாதம் என் தங்கை புது வீடு போனாள். எனக்குக் கேட்க முகமில்லை, தங்கையே போய்க் கேட்டாள். பசு வந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே மாட்டுக்காரியும் வந்தாள். வாசலில் நான் பழைய நினைப்பில் கயிற்றுக்குக் கை நீட்டினேன். அவள் அதைத் தன் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "தள்ளி நில்லு," என்றாள்.