நம்பகத்தன்மை 0.28

ஆரோக்கியசெல்விக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் கேள்வி கேட்டாலும், கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வார். பதில் வரும்வரை கோழியைப் பார்ப்பார், கொடியில் காயும் புடவையைப் பார்ப்பார், எதிரில் இருப்பவரின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்த்தால் மனிதர்கள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. அஞ்சல் வழியில் உளவியல் படித்தபோது பாடநூல் இதையே பல பக்கங்களுக்கு நீட்டியிருந்ததைப் பார்த்து, 'பரவாயில்லையே, இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு' என்று நினைத்துக்கொண்டாராம்.

திண்டிவனத்துக்காரர். வயது நாற்பத்தொன்று. பதினான்கு வருடமாகப் படிவக் கட்டோடு ஊர் ஊராகப் போய், மனிதர் மனதை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அளந்து வருபவர். அடையாள அட்டையில் 'களப்பணியாளர்' என்றிருக்கும், ஆய்வு முடியும் தேதிவரை. மனதின் நிலைத்தன்மையை ஆராயும் நிறுவனங்கள் வேலையின் நிலைத்தன்மையைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை.

அந்த நவம்பரில் ஒரு தனியார் நிறுவனம் புதிதாக ஒரு மனநிறைவு அளவுகோலைச் செய்திருந்தது. 'என் வாழ்க்கை எனக்கு நிறைவாக இருக்கிறது', 'நாளையைப் பற்றி எனக்குப் பயமில்லை' என்று பத்து வாக்கியங்கள். இல்லவே இல்லை என்றால் ஒன்று, முழுக்க உண்மை என்றால் ஐந்து. பதினான்கு நாள் கழித்து அதே ஆட்களிடம் அதையே மறுபடி கேட்க வேண்டும். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே பதில் வந்தால் அளவுகோலுக்கு நம்பகத்தன்மை உண்டு என்று பொருள். ஒரே மூட்டையைத் தராசில் இருமுறை வைத்துப் பார்ப்பது மாதிரி. நடுவில் மூட்டை ஆற்றோடு போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செல்விக்குக் கிடைத்தது திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஓர் ஆற்றோரக் கிராமம், அறுபது வீடுகள். குத்தகை நிலத்தில் கரும்பு வைத்திருந்த பூமாலை என்ற அம்மாள், பத்தில் எட்டு வாக்கியத்துக்கு 'அஞ்சு' சொன்னார். போகும்போது ஒரு பை மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கொடுத்தனுப்பினார். நான்காம் நாள் புயல்மழையில் பெண்ணையாறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. பூமாலையின் கரும்பு போயிற்று, இரண்டு ஆடு போயிற்று, வீட்டின் ஒரு சுவர் விழுந்தது.

பதினான்காம் நாள் என்றால் பதினான்காம் நாள். பேருந்து ஊர்வரை போகவில்லை. செல்வி மெயின் ரோட்டில் இறங்கி, முழங்கால் சேற்றில் நடந்து, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களிடம் அதே வாக்கியங்களை ஒரு சொல் மாற்றாமல் வாசித்தார். மாற்றக் கூடாது என்பது விதி. வெட்கமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார். நாளையைப் பற்றி எனக்குப் பயமில்லை என்று படித்தபோது பூமாலை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒண்ணு போடு. அதுக்குக் கீழ எதனா இருந்தா அதைப் போடு."

பக்கத்துக் கிராமம் பூவரசன் என்ற இன்னொரு களப்பணியாளருடையது. அவரும் அதே தேதியிட்டு அறுபது படிவங்கள் கொடுத்தார். மடிப்புக்கூடக் கலையாத படிவங்கள்.

ஜனவரியில் செல்விக்குக் கடிதம் வந்தது. அவர் தரவின் நம்பகத்தன்மை 0.28. இருந்திருக்க வேண்டியது குறைந்தது 0.70. யாரையும் கேட்காமல் படிவங்களைத் தாமே நிரப்பியதாக நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும், தவறினால் இனி வேலை கிடையாது. ஆட்டோ ஓட்டும் கணவர் சவுரிராயன் அதை வாங்கிப் படித்தார்.

"பதினாறு வருசமா குடும்பம் பண்ணிக்கினு இருக்கேன், எனக்கே தெரியாமப் போச்சே. நூத்துக்கு இருவத்தெட்டுதானா நீ?"

செல்வி சிரிக்கவில்லை. புள்ளியியலில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கலாம். திண்டிவனத்தில் ஒரே பொருள்தான்: இவள் பொய்க்காரி.

விழுப்புரம் அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளர் கோதண்டபாணி கடிதத்தையும் பேனாவையும் சேர்த்தே நகர்த்தினார். வெள்ள வாரத்தில் அவர் சென்னையில் ஒரு கருத்தரங்கில் இருந்தார்.

"ஒரே ஆளு, ஒரே கேள்வி. ரெண்டே வாரத்துல அஞ்சு எப்படிம்மா ஒண்ணாகும்?"

"நடுவுல ஆறு வந்துச்சு சார்."

"பூவரசன் ஊருக்கும்தான் வந்துச்சு. அவர் டேட்டாவைப் பாருங்க, பாயின்ட் தொண்ணூத்தி நாலு!"

"அன்னிக்கு அந்த ஊருக்கு ரோடே இல்ல சார். நீந்திக்கினா போனாரு?"

பக்கத்து மேசையிலிருந்த பூவரசன் தலை நிமிராமல், "கஷ்டப்பட்டுத்தாங்க போயி வந்தேன்" என்றார்.

"கஷ்டம் உங்களுக்கா, பேனாவுக்கா?"

கோதண்டபாணி கையை உயர்த்தினார். "விடுங்கம்மா. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. உங்க அறுபதையும் காணாமப் போன தரவுன்னு காட்டிடலாம்."

"காணாமப் போனது கரும்பு சார், ஆடு சார். ஆளுங்க இருக்காங்க. நீங்களே கேளுங்க" என்று செல்வி போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, மேசை மேல் வைத்தார்.

"யாரு, அஞ்சா ஒண்ணான்னு கேக்குற பொண்ணா? செவுரு வச்சிக்கினு இருக்கேன், ஜல்தியா சொல்லு" என்றது பூமாலையின் குரல்.

"நான் இவங்க ஆபீசர் பேசுறேன்மா. இவங்க உங்க ஊருக்கு ரெண்டு வாட்டி வந்தாங்களா?"

"வந்துச்சே. மொத வாட்டி மல்லாட்டை குடுத்தேன். ரெண்டாவது வாட்டி சேத்துல நடந்துக்கினு வந்துச்சு, குடுக்க ஒண்ணுமில்ல."

"சரி, மொதல்ல அஞ்சு சொன்னீங்க, அப்புறம் ஒண்ணு. ரெண்டுல எது சரி?"

போனில் கொத்துக்கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏன் சாரு, உன் வூட்டுல தண்ணி பூந்திருந்தா நீ எத்தினி சொல்லுவ?"

கோதண்டபாணி போனை அணைத்துவிட்டுப் புதிதாக ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். முறைகேடு ஏதுமில்லை, ஆயினும் நம்பகத்தன்மை குறைவென்பதால் தரவு சேர்க்கப்படவில்லை, இதை ஏற்றுக் களப்பணியாளர் கையெழுத்திட வேண்டும். செல்வி அதன் அடியில் 'இடையில் வெள்ளம்' என்று எழுதினார்.

"அதுக்கெல்லாம் ஃபார்ம்ல இடம் இல்லைம்மா."

"அதான் சார் கீழ எழுதுறேன்" என்று சொல்லி, கையெழுத்துப் போடாமல் எழுந்தார்.

ஏப்ரலில் அறிக்கை வெளிவந்தது, வழவழப்பான தாளில். வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் ஆற்றோர மக்களின் மனநிறைவில் மாற்றமில்லை, அவர்களின் மனவுறுதி வியக்கத்தக்கது என்கிறது. அந்த வியப்பு முழுவதும் பூவரசனின் அறுபது படிவங்களிலிருந்து வந்தது. நிவாரணத்தை நிறுத்த நினைக்கும் எவருக்கும் இதைவிட வசதியான அட்டவணை அமையாது. பூவரசன் இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறார். செல்வியை அந்த நிறுவனம் அழைப்பதில்லை.

பூமாலை அழைத்தார், போன வாரம்.

"செவுரு எழும்பிடுச்சு. கரும்புதான் இன்னும் வக்கல. இப்ப கேட்டா ரெண்டு சொல்லுவேன். எழுதிக்கோ."

ஆய்வில் மூன்றாம் சுற்று என்று எதுவும் கிடையாது. செல்வி தேதி போட்டு எழுதிக்கொண்டார்.