இடப்பக்கச் சில்லின் சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன், கச்சான் காற்று மண்ணை அள்ளி ரோட்டில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கற்பிட்டி வீதியில் நடந்தது இது. மகளுக்கு நெற்றியில் ஒரு வீக்கம், காருக்கு ஒரு சில்லு, அதாவது முன்சக்கரம், எனக்குக் கீறல்கூட இல்லை. கேட்டவர்களிடம் எல்லாம் இவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது தில்லையடியில். படிப்பிப்பது கண்டக்குழிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில். மகள் அப்போது மூன்றாம் ஆண்டு, என்னோடு அதே பாடசாலைக்குத்தான் வருவாள். கணவர் கட்டாரில் ட்ரைவர் வேலைக்குப் போய் மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. போகும்போது எங்களுக்கென்று ஒரு பழைய ஜப்பான் காரை விட்டுப்போனார். விமானம் ஏறுகிற அன்றுகூட எனக்குச் சொன்ன புத்திமதியைவிடக் காரைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம் என்று என் தங்கை இப்போதும் பகிடி பண்ணுவாள்.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டில் போன் கதை எப்படித் தேயும் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். முதல் வருடம் ஒரு மணித்தியாலம் கதைப்போம். அடுத்த வருடம் அது கால் மணித்தியாலமாகும். மூன்றாவது வருடம், "சாப்பிட்டீங்களா?" "ஓம்." "புள்ள படிக்கிறாளா?" "ஓம்." "அங்க சூடா?" "ஓம், சரியான சூடு." அதற்குப் பிறகு ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டுக்கொண்டிருப்போம். "சரி, அப்ப வைக்கிறேன்." எங்களுக்குள் கோபமும் கிடையாது, சண்டையும் கிடையாது. கதைக்க ஒன்றும் மிச்சமில்லை. அவரைக் காண வேண்டும், பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும். கலியாணம் முடித்துப் பத்து வருடமான ஒரு ஆசிரியை போனில் அதை எப்படிச் சொல்வது? வெட்கமாக இருக்கும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கார் சத்தம் போடத் தொடங்கியது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக் டொக்' என்று கேட்கும். போனில் ஒரு நாள் வேறு கதை இல்லாமல் இதைச் சொல்லிவைத்தேன். மனிதர் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

"முன் மூலையில ரெண்டு கையையும் வெச்சு நல்லா அமுக்கி விடு. எத்தன தரம் ஆடுதெண்டு எண்ணு."

அபாயாவின் கையை மடித்துவிட்டு, வீட்டு முற்றத்தில் நின்று காரை அமுக்கினேன். மூன்று தரம் ஆடியது.

"ஒரு தரம் ஏறி இறங்கி நிக்கணும். மூணு தரமெண்டா ஷொக் அப்சோபர் போயிட்டு, புள்ள."

அன்று முக்கால் மணித்தியாலம் கதைத்தோம். மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து எங்களைக் கூட்டிவந்த அன்று, ஒரு பள்ளத்திலும் சில்லை விடாமல் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிவந்ததை அவரே எடுத்துச் சொன்னார். பின்னால் வந்த பஸ்காரன் ஏசியதையும் அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினார். நான் சிரித்தேன். நான் சிரித்த சத்தத்தைக் கேட்டு அவரும் சிரித்தார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு என் புருஷன் வீட்டுக்கு வந்துபோன மாதிரி இருந்தது.

முன்பக்க ஷொக் அப்சோபர் இரண்டையும் மாற்றினேன். சத்தம் போனது. கூடவே கதையும் போனது. மறுபடியும் சாப்பிட்டீங்களா, ஓம், சூடா, ஓம். வேண்டுமென்றே பள்ளத்தில் காரை இறக்கி ஏதாவது கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்த நாட்களும் உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள்.

ஒரு மாதம் கழித்து, கேற்றுக்குள் திரும்பும்போது இடப்பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. கார் பழுதானதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ் மெக்கானிக்கை நாங்கள் பாஸ் நானா என்போம், அதிகம் கதைக்காதவர். முன்பக்கத்தை ஜக் போட்டுத் தூக்கி, டயருக்குக் கீழே ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்து மேலே நெம்பினார். சில்லு தளர்ந்த பல்லைப் போல ஆடியது. என்னையும் மகளையும் குனிந்து பார்க்கச் சொன்னார். சில்லையும் அதைத் தாங்குகிற கையையும் பொருத்துகிற மூட்டின் பெயர் 'போல் ஜொயின்ட்'. அதைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்து, கிறீஸ் வெளியேறி, உள்ளே துரு பிடித்திருந்தது.

"தங்கச்சி, மத்த சாமான் போனா சத்தம்தான் வரும். இது போனா சில்லு மடிஞ்சி உழுந்திடும். கொழும்பில இருந்து நாளைக்கே எடுத்துத் தாரேன். மாத்துற வரைக்கும் ஓட்டாதீங்க."

"வெள்ளி கழியட்டும் நானா, கொண்டு வாரேன்" என்றேன்.

அன்று பின்னேரம் கணவர் போன் எடுத்தார். இடப்பக்கம் ஒரு சத்தம் என்று சொன்னேன். கராஜுக்குப் போனதைச் சொல்லவில்லை. ஒரு நாள் கதைத்துவிட்டு நாளைக்குச் சொல்வோம் என்றுதான் நினைத்தேன். அவர் அவ்வளவு ஆசையாகக் கேட்டார். "திருப்பும்போது மட்டும் வருதா? நேரா போகும்போது இல்லையா? வொய்ஸ் எடுத்து அனுப்பு."

நாளை நாளை என்று இரண்டு கிழமை, பதினாலு நாள், போனது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் காரை முற்றத்தில் இப்படியும் அப்படியும் திருப்பி, போனைச் சில்லுக்குப் பக்கத்தில் பிடித்துச் சத்தத்தைப் பதிந்து அனுப்புவேன். அவர் கேட்டுவிட்டு ஒரு நாள் புஷ் தேய்ந்திருக்கும் என்பார், மறுநாள் லிங்க் என்பார். அது எது என்று அவருக்கு விளங்கவில்லை. மூன்று வருடத்துக்கு முந்திய காரைத்தானே அவருக்குத் தெரியும், கடல் காற்றில் அடியெல்லாம் துருவேறிப்போன காரை அவர் கண்டதில்லை. விடை தெரிந்த நான் ஒன்றும் தெரியாதவள் போல, "அப்படியா? அப்ப இனி என்ன செய்ற?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பில் பிள்ளைகள் உண்மையை ஒளித்தால் பிரம்பைத் தூக்குகிறவள் நான்.

அந்த வெள்ளிக்கிழமை பாடசாலை வழக்கம்போல ஜும்ஆவுக்காக நேரத்தோடு விட்டது. மகள் எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தாள். வீதியில் சனமே இல்லை. ஆம்பிளைகள் எல்லோரும் பள்ளிவாசலில், கடைகள் பூட்டு. கண்டக்குழி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் நான்கைந்து கழுதைகள் நடு ரோட்டில் நின்றன. எங்கள் பக்கத்துக் கழுதைகள் ஹோர்ன் அடித்தால் விலகுகிற சாதியில்லை. வேகத்தைக் குறைத்து ஓரமாகத் திருப்பினேன். 'டக்' என்று கேட்டது. அடுத்த கணம் காரின் இடப்பக்க மூலை தரையில் விழுந்து இழுபட்டது. ஸ்டியரிங் என் கையில் சும்மா சுற்றியது. எதிரே உப்பு மூட்டை ஏற்றிய லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. அது ஹோர்னை அழுத்திப் பிடித்தபடி என் கண்ணாடியை உரசாத குறையாக விலகிப் போனது.

மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். நான் சில்லைப் பார்க்கவில்லை. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கலிமா சொன்னேன். கழுதைகள் அப்படியே நின்று எங்களைப் பார்த்தன.

ரோட்டோரத்து மீன் வாடிக் கொட்டிலில் வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர்கள் ஓடிவந்தார்கள். எல்லோரும் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், அதனால்தான் அந்த நேரத்தில் அங்கே ஆள் இருந்தார்கள். ஏழு எட்டுப் பேர் காரின் முன்பக்கத்தைப் பிடித்தார்கள். ஒருவர் கரைவலை இழுக்கிறபோது பாடுகிற அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து குரல் கொடுத்துத் தூக்கித் தூக்கி வைத்துக் காரை ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்னொருவர் மீன் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துத் தன் லேஞ்சித் துணியில் சுற்றி மகளின் நெற்றியில் வைத்தார். மீன் மணக்கிறது என்று அவள் அழுகைக்கு நடுவில் முறைப்பாடு செய்தாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அம்பா எடுத்துக் கொடுத்தவர் குனிந்து, மடிந்து கிடந்த சில்லைப் பார்த்தார்.

"மூட்டு கழண்டிட்டு, டீச்சர். இது சும்மா போகாது, முந்தியே சத்தம் போட்டிருக்குமே. எத்தனை நாளா?"

"ரெண்டு கிழமை" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழும்பிப்போய் வாடியிலிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து எனக்குப் போட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை கணவருக்கு விடுமுறை, நாங்கள் வீட்டுக்கு வந்து சேருகிற நேரம் பார்த்து எடுப்பார். நான் கை நீட்டுவதற்குள் மகள் எடுத்துவிட்டாள்.

"வாப்பா! எங்கட சில்லு உடைஞ்சி உழுந்திட்டு. லொறி ஒண்டும் எங்கள அடிக்கப் பாத்திச்சு. பாஸ் நானா ஓட்டாதீங்க எண்டு அண்டைக்கே சொன்னாரு. உம்மாதான் மாத்தல்ல."

போனை வாங்கினேன்.

"புள்ளைக்கு என்ன?"

"நெத்தியில சின்ன வீக்கம். வேற ஒண்டுமில்ல."

"உனக்கு?"

"ஒண்டுமில்ல."

"பாஸ் சொன்னாரா?"

"ஓம்."

"எப்ப?"

"ரெண்டு கிழமைக்கு முந்தி."

போன் அணைந்தது. ஸலாம் சொல்லாமல் அவர் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

ஜும்ஆ முடிந்ததும் பாஸ் நானாவுக்குச் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் ஜக்கையும் சாமான்களையும் கட்டிக்கொண்டு வந்தார். பைக்குள்ளிருந்து புதிய போல் ஜொயின்ட் பெட்டியை எடுத்தபோதுதான் விளங்கியது, சொன்னபடி மறுநாளே எடுத்து எனக்காக வைத்திருந்திருக்கிறார். "நீங்க வருவீங்க எண்டு பாத்தேன்" என்றார், அவ்வளவுதான். மீனவர்கள் ஜக்குக்கு அடியில் மண் புதையாமல் பலகை போட்டுக் கொடுத்தார்கள். பழைய மூட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றிப் புதியதைப் பூட்டி, நட்டை இறுக்கினார். வலப்பக்கத்துக்கும் மறுநாள் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் தேய்ந்தால் மற்றதும் தேய்ந்திருக்கும் என்றார். இந்தத் தடவை மறுநாள் காலையிலேயே போய் நின்றேன்.

அன்று பொழுதுபட்டு மஃரிப் தொழுத கையோடு நானே கணவருக்கு எடுத்தேன். ஏசுவார் என்று தெரியும், ஏசட்டும் என்றுதான் எடுத்தேன்.

"என்னத்துக்கு எனக்கிட்ட மறைச்ச?" என்று கேட்டார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "புள்ளய வெச்சிக்கிட்டு... அந்த லொறி கொஞ்சம் இஞ்சால வந்திருந்தா? நான் இங்க இருந்து என்ன செய்ற?"

காரணம் சொல்லத் தேடினேன். சாமான் வரவில்லை, நேரம் இருக்கவில்லை, ஏதாவது ஒன்று. அழுகைதான் வந்தது. அந்த அழுகைக்கு நடுவிலேயே சொன்னேன்.

"சத்தம் நிண்டா நீங்க கதைக்க மாட்டீங்க. அதான்."

அங்கே யாரோ கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ அனுப்பின வொய்ஸ் எல்லாம் இன்னம் போன்லதான் ஈக்கிது. படுக்கப் போகக்குள்ள போட்டுக் கேப்பேன். கார்ட சத்தத்துக்கு இல்ல. நடுவில நீ 'கேக்குதா? இப்ப கேக்குதா?' எண்டு கேப்பியே, அதுக்கு."

அவர் இன்னும் வரவில்லை. ஒப்பந்தம் இரண்டு தரம் நீண்டுவிட்டது. அந்த வீக்கத்தின் அடையாளம்கூட இப்போது மகளின் நெற்றியில் இல்லை, அவள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். கண்டக்குழியைத் தாண்டும்போது அந்த வாடிக்கு முன்னால் காரை மெதுவாக்கி ஒரு ஹோர்ன் அடிப்பேன், உள்ளிருந்து யாராவது கை காட்டுவார்கள். சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலும் அன்றைக்கே கராஜுக்குப் போய்விடுகிறேன்.

கார் இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது. ஆனாலும் அஸர் தொழுதுவிட்டு முற்றத்துக்கு வந்து அவருக்கு எடுக்கிறேன். "என்ன, கார்ல ஏதும் சத்தமா?" என்று வழக்கமான பகிடியோடு கேட்பார். "ஒரு சத்தமும் இல்ல, உங்களோட கதைக்கத்தான் எடுத்தேன்" என்பேன். சொல்லும்போது இன்றைக்கும் கொஞ்சம் வெட்கம் வரும். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வராமல்தானே என் பிள்ளை ஏறியிருந்த காரின் சில்லை இரண்டு கிழமை ஆட விட்டேன் என்று நினைத்ததும், அந்த வெட்கம் போய்விடும்.